வீட்டுப் படம், பாட்டு, போட்டோ: ப்ளெக்ஸும் கூகுளும் போதுமா, ஜெல்லிஃபின் - இம்மிச் பக்கம் போகலாமா?

கேள்வி: வடகரை

வணக்கம். வீட்டில் சேர்ந்துபோன மீடியா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கப் பார்க்கிறேன். இருப்பது இவ்வளவு:

போட்டோ, போன் வீடியோ சேர்த்து 900 ஜிபி. பாதி கூகுள் போட்டோஸில், மீதி இரண்டு பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில். படங்கள் 1.5 டிபி, பெரும்பாலும் எம்கேவி, கொஞ்சம் 4கே ஹெச்டிஆர். பாட்டு 9,000 சொச்சம், எல்லாம் எம்பி3, டேக் தாறுமாறு. கல்யாண டிவிடிகள் 14.

வீட்டில் ஒரு ஆண்ட்ராய்டு டிவி, நாலு போன். ஊரில் அப்பா அம்மா வீட்டு டிவியிலும் படமும் போட்டோவும் தெரிய வேண்டும். இங்கே 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) 100.72 என்று ஆரம்பிக்கிறது.

வாங்க நினைப்பது இன்டெல் என்100 மினி பிசி, 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, கூட 8 டிபி டிஸ்க் ஒன்று.

படத்துக்கு ப்ளெக்ஸ் என்ற மீடியா சர்வரின் லைஃப்டைம் உரிமம் வாங்கிவிட்டு, போட்டோவுக்கு கூகுள் ஒன் (கட்டணச் சேமிப்பிடம்) கட்டிக்கொண்டு போய்விடலாமா? இல்லை படத்துக்கு ஜெல்லிஃபின், போட்டோவுக்கு இம்மிச், பாட்டுக்கு நேவிட்ரோம் என்று முழுக்க ஓப்பன் சோர்ஸா? லினக்ஸ் ஓரளவு தெரியும், டாக்கர் (சர்வர் மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) புதிது. எது எங்கே இடிக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: திரைகடல்

மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது. படத்தைப் பொறுத்தவரை சர்வர் மென்பொருள் எதுவாக இருந்தாலும் கோப்பு உங்கள் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். மென்பொருளை மாற்றினால் போவது "எதுவரை பார்த்தோம்" என்ற கணக்கு மட்டும்தான். போட்டோவில் ஆல்பம், முகத்துக்கு வைத்த பெயர், திருத்திய தேதி எல்லாம் மென்பொருளின் டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் உரிமம் பற்றிய கவலை படத்தைவிட போட்டோவில்தான் அதிகம் இருக்க வேண்டும். நான் படப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ப்ளெக்ஸில் ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடிங், அதாவது டிவிக்குப் புரியும் வடிவத்துக்கு வீடியோவைச் சிப்பே உடனுக்குடன் மாற்றுவது, ப்ளெக்ஸ் பாஸ் (கட்டண உரிமம்) வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 2025 ஏப்ரல் 29 முதல், வீட்டுக்கு வெளியே இருந்து உங்கள் சொந்தப் படத்தைப் பார்ப்பதும் கட்டண வசதி ஆகிவிட்டது. சர்வர்காரரிடம் ப்ளெக்ஸ் பாஸ் இருக்க வேண்டும், அல்லது பார்ப்பவர் மாதம் 1.99 டாலருக்கு ரிமோட் வாட்ச் பாஸ் எடுக்க வேண்டும். அதே நாளில் லைஃப்டைம் விலை 119.99 டாலரிலிருந்து 249.99 ஆனது. வெளியிலிருந்து பார்ப்பது அதற்கு முந்தைய நாள்வரை இலவசமாக இருந்த வசதி. லைஃப்டைம் வாங்குகிறவர் இந்த வரலாற்றையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

இன்னொரு பக்கம் எம்பி (Emby) என்ற மீடியா சர்வர். அது ஜிபிஎல் உரிமத்தில் (நிரலை யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்ற திறந்த உரிமம்) இருந்து, 2018 டிசம்பரில் மூலநிரலை மூடியது. கடைசித் திறந்த பதிப்பான 3.5.2-ஐ எடுத்துப் பிரித்ததுதான் ஜெல்லிஃபின். பாட்டுப் பக்கம் சப்சோனிக் சர்வர் 2016-ல் மூலநிரலை மூடிய பிறகு ஏர்சோனிக் கிளைத்ததும் இதே கதை. முன்பு வெளிவந்த நிரல் ஜிபிஎல்லில் இருந்ததால்தான் இரண்டு இடத்திலும் பயனர்கள் நடுத்தெருவில் நிற்கவில்லை. ஜெல்லிஃபினும் ஜிபிஎல்தான்.

இப்போது உங்கள் ஐபிக்கு வருவோம். 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் சிஜிநாட்டுக்கு (பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பகிர்ந்து தருவது) ஒதுக்கியவை. உங்கள் 100.72 அதற்குள் வருகிறது. ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டு போட்டாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. ப்ளெக்ஸ் இந்த நிலையில் தன் ரிலே (இடைநிலை சர்வர்) வழியாக அனுப்பும். காசு கட்டிய பிறகும் ரிலேயின் உச்ச வேகம் 2 எம்பிபிஎஸ். 1080பி படம் ஒன்று சாதாரணமாக 8 எம்பிபிஎஸ் கேட்கும். அப்பா டிவியில் மசமசவென்றுதான் தெரியும். ஆக எதை எடுத்தாலும் உங்களுக்கு டெயில்ஸ்கேல் (வெவ்வேறு இடத்துக் கருவிகளை ஒரே தனி நெட்வொர்க்காக இணைக்கும் விபிஎன்) மாதிரி ஒன்று வேண்டும். அதைப் போட்ட பிறகு, ப்ளெக்ஸுக்குக் காசு கொடுப்பதற்கான பெரிய காரணம் உங்கள் விஷயத்தில் போய்விடுகிறது.

டெயில்ஸ்கேலுக்கு ஆண்ட்ராய்டு டிவி செயலி இருக்கிறது. மினி பிசியில் ஒன்று, ஊரில் உள்ள டிவியில் ஒன்று நிறுவி, ஜெல்லிஃபின் செயலியில் மினி பிசியின் டெயில்ஸ்கேல் முகவரியும் 8096 போர்ட்டும் கொடுத்தால் முடிந்தது. அட்மின் பக்கத்தில் அந்த இரண்டு கருவிக்கும் "கீ எக்ஸ்பைரி"யை நிறுத்திவிடுங்கள். இல்லையெனில் சில மாதம் கழித்து டிவி தானாக வெளியேறி நிற்கும், அங்கே உட்கார்ந்து லாகின் செய்ய ஆள் இருக்காது. டெயில்ஸ்கேலின் மைய சர்வர் மூடிய மென்பொருள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குத் திறந்த மாற்று ஹெட்ஸ்கேல், ஆனால் பொது ஐபி உள்ள விபிஎஸ் (டேட்டா சென்டரில் உள்ள சிறு சர்வர்) ஒன்று வாடகைக்கு எடுக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் நான் மூடியதையே எடுப்பேன். வீடியோ அவர்கள் கண்ணில் படுவதில்லை, நாளைக்கே மாற்றுவதும் எளிது.

என்100-ல் டிரான்ஸ்கோடிங்: டாக்கருக்குள் ஹோஸ்ட்டின், அதாவது மினி பிசியின், ரெண்டர் கருவியை (டிஆர்ஐ கோப்புறையில் "ரெண்டர்டி128" என்று இருப்பது) கொடுக்க வேண்டும். அதோடு ஹோஸ்ட்டில் "ரெண்டர்" குழுவின் எண் என்னவென்று பார்த்து, கம்போஸ் கோப்பில் (டாக்கரின் அமைப்புக் கோப்பு) அந்த எண்ணையே கூடுதல் குழுவாகச் சேர்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கம்போஸ் கோப்பை அப்படியே ஒட்டினால் பலருக்கு இங்கேதான் நிற்கும். அந்த எண் ஒவ்வொரு லினக்ஸிலும் வேறு. பிறகு டேஷ்போர்டில் பிளேபேக் பகுதியில் க்யூஎஸ்வி (இன்டெல் சிப்பின் வீடியோ மாற்றும் வசதி) தேர்வு செய்து, ஹெச்.264, ஹெச்இவிசி, ஹெச்இவிசி 10 பிட், டோன் மேப்பிங் நான்கையும் டிக் செய்யுங்கள். ஏவி1 வீடியோ வகையில் டிகோட் (படிப்பது) மட்டும் டிக் செய்யலாம்; என்கோட் (உருவாக்குவது) இந்தச் சிப்பில் கிடையாது, டிக் செய்தால் படம் ஓடாமல் பிழை வரும். டோன் மேப்பிங் விட்டுப்போனால் ஹெச்டிஆர் படம் சாம்பல் பூசினாற்போல வெளுத்துத் தெரியும்.

இதெல்லாம் இருந்தும் நல்லது டிரான்ஸ்கோடே நடக்காமல் பார்ப்பது. டிஸ்க்கிலிருந்து எடுத்த எம்கேவியில் சப்டைட்டில் பெரும்பாலும் பிஜிஎஸ், அதாவது எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். அதைக் காட்டத் தெரியாத செயலி என்றால் சர்வர் முழு வீடியோவிலும் அதை எரித்து அனுப்ப வேண்டும். எஸ்ஆர்டி (எழுத்து வகை) ஆக மாற்றி வைத்தால் இந்த வேலையே இல்லை. டிடிஎஸ் ஒலி இன்னொன்று. சாம்சங் டிவிகள் 2018 முதல் அதை ஆதரிப்பதில்லை. ஒலியை மட்டும் மாற்றுவது சிறிய வேலைதான், பயப்பட வேண்டாம்.

தமிழ் சப்டைட்டில் வைத்திருந்தால் யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பிரவுசரில் ஏஎஸ்எஸ் வகைச் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால், பிளேபேக் அமைப்பில் "ஃபால்பேக் ஃபான்ட்" கோப்புறை ஒன்று காட்டி அதில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை மட்டும் போடுங்கள். மொத்தக் கோப்புறையும் 20 எம்பிக்குள் இருக்க வேண்டும்.

தமிழ்ப் படத்தின் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்களும் உண்டு. அதனால் தவறான போஸ்டர் வருவது சகஜம். கோப்புறைப் பெயரில் ஆண்டைப் போடுங்கள், கூடவே டிஎம்டிபி (இணையத் திரைப்படத் தகவல் தளம்) எண்ணையும் போடுங்கள். ஜெல்லிஃபினுக்குச் சதுர அடைப்பு, ப்ளெக்ஸுக்கு நெளி அடைப்பு.

ஜெல்லிஃபினின் குறையையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபரில் வந்த 10.11 பதிப்பு டேட்டாபேஸ் அமைப்பையே மாற்றியது. ஏறிய பிறகு பழைய பதிப்புக்கு அப்படியே இறங்க முடியாது. பெரிய பதிப்பு வந்தால் சர்வரை நிறுத்தி, கான்ஃபிக் கோப்புறையை முழுசாக நகல் எடுத்த பிறகே ஏறுங்கள். டாக்கர் இமேஜில் "லேட்டஸ்ட்" என்று விடாமல் பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள்.

பதில் 2: மஞ்சணத்தி

போட்டோ பத்தி நான் சொல்றேன். இம்மிச் 2025 அக்டோபர் 1-ல 2.0 ஆச்சு, அதுக்கு முன்னாடி "இதை மட்டும் நம்பி போட்டோ வைக்காதீங்க"ன்னு அவங்களே எச்சரிக்கை போட்டிருந்தாங்க. இப்ப ஸ்டேபிள். உரிமம் ஏஜிபிஎல். உங்க 16 ஜிபி ராம் தாராளம்.

முதல் நாளே செய்ய வேண்டியது, ஒரு போட்டோகூட ஏத்துறதுக்கு முன்னாடி: அட்மின் செட்டிங்ஸ்ல "ஸ்டோரேஜ் டெம்ப்ளேட்" ஆன் பண்ணுங்க. அது டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும். ஆஃப்ல விட்டா கோப்புப் பேரெல்லாம் நீளமான எண்-எழுத்துக் குப்பையா டிஸ்க்ல சேரும். ஆன் பண்ணா வருஷம், தேதி வாரியா கோப்புறை, பழைய பேரு. நாளைக்கு இம்மிச்சே வேண்டாம்னாலும் டிஸ்க்கைக் கழட்டி எந்தக் கம்ப்யூட்டர்லயும் பார்க்கலாம். ஓப்பன் சோர்ஸ்ங்கறதால மட்டும் பூட்டு இல்லாம போயிடாது, இதை நாமதான் பார்த்துக்கணும்.

டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில இருக்கட்டும், எக்ஸ்ட்4 ஃபார்மேட்ல. போட்டோ மட்டும் 8 டிபி டிஸ்க்ல. எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் டிஸ்க்ல போஸ்ட்கிரெஸ் (இம்மிச்சோட டேட்டாபேஸ்) வச்சா பர்மிஷன் பிரச்சினைல ஸ்டார்ட்டே ஆகாது. அப்புறம், இந்த மினி பிசில பொதுவா 3.5 இன்ச் டிஸ்க் உள்ள போகாது. தனி பவர் அடாப்டர் உள்ள யூஎஸ்பி பெட்டி வாங்குங்க.

கூகுள்ல இருந்து எடுக்க டேக்அவுட் (நம்ம தரவை மொத்தமா இறக்கித் தர்ற கூகுள் சேவை) போடணும். ஒரு கோப்பு 50 ஜிபின்னு வைங்க, 2 ஜிபி வச்சா நூத்துக்கணக்குல வரும். டவுன்லோட் லிங்க் ஒரு வாரத்துல காலாவதி, அதனால ஃபைபர் சும்மா இருக்கற நேரமா பார்த்துப் போடுங்க. பல போட்டோவோட சரியான தேதி, இடம் எல்லாம் பக்கத்துல இருக்கற ஜேசன் கோப்புலதான் இருக்கும். போட்டோவை மட்டும் இழுத்துப் போட்டா பழைய வாட்ஸ்ஆப் படம் எல்லாம் இன்னைக்குத் தேதில வந்து நிக்கும். அதுக்கு "இம்மிச்-கோ"ங்கற கருவி இருக்கு, ஜிப்பை விரிக்காம அப்படியே கொடுக்கலாம், ஜேசனைப் பொருத்தி ஆல்பத்தோட ஏத்திடும். எல்லா ஜிப்பையும் ஒரே தடவைல கொடுங்க. போட்டோ ஒரு ஜிப்லயும் அதோட ஜேசன் இன்னொரு ஜிப்லயும் விழுந்திருக்கும். முகத்துக்கு வச்ச பேர் மட்டும் இம்மிச்ல மறுபடி வைக்கணும்.

கூகுள்ல "ஸ்டோரேஜ் சேவர்" வச்சிருந்தீங்கன்னா போட்டோ 16 மெகாபிக்சலுக்கும் வீடியோ 1080பிக்கும் சுருங்கித்தான் இருக்கும், டேக்அவுட்லயும் அதுதான் வரும். பழைய டிஸ்க்ல அதே போட்டோ ஒரிஜினலா இருக்கலாம். அதனால முதல்ல டிஸ்க், அப்புறம் டேக்அவுட்டுன்னு ஏத்துங்க, கடைசில டூப்ளிகேட் பக்கத்துல போய்ப் பெருசை வச்சிக்குங்க.

தமிழ்ல தேட ஆசை இருந்தா ஒண்ணு: டீஃபால்ட் தேடல் மாடலுக்கு இங்கிலீஷ்தான் தெரியும். "கோயில் தேர்"னு தமிழ்ல அடிச்சா சம்பந்தமில்லாத படம் வரும். மெஷின் லேர்னிங் செட்டிங்ஸ்ல ஸ்மார்ட் சர்ச் மாடலை என்எல்எல்பி-கிளிப் வகைக்கு மாத்திட்டு, ஜாப்ஸ் பக்கத்துல ஸ்மார்ட் சர்ச்சை "ஆல்" கொடுத்து ஓட விடுங்க. ராம் கூட எடுக்கும், என்100-ல பொறுமையா ஓடும். ராத்திரில விட்டுடுங்க.

கிளவுட்ஃபிளேர் டனல் (வெளில இருந்து வீட்டு சர்வருக்கு வர்ற இன்னொரு வழி) போடச் சொல்லி யாராவது சொன்னா யோசிங்க. இலவசத் திட்டத்துல ஒரு அப்லோடு 100 எம்பிக்கு மேல போகாது. போட்டோ எல்லாம் ஏறும், வீடியோ மட்டும் பாதில நின்னு நின்னு மறுபடி முயற்சி பண்ணும். டெயில்ஸ்கேல்ல இந்த வரம்பு இல்ல.

வடகரை

திரைகடல், மஞ்சணத்தி இருவருக்கும் நன்றி. சிஜிநாட் விஷயம் எனக்குத் தெரியாது, அதிலேயே ப்ளெக்ஸ் முடிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம். எப்போதும் ஓடினால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? போட்டோவை கூகுளிலிருந்து எடுத்த கையோடு அங்கே அழித்துவிடலாமா?

பதில் 3: ஈரோட்டுக்காரர்

அழிக்காதீர்கள். இங்கே நான் மற்றவர்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன்.

கூகுளுக்குக் கட்டும் பணம் மென்பொருளுக்கு மட்டும் போவதில்லை. உங்கள் வீட்டில் டிஸ்க் செத்தாலும், திருடு போனாலும், மழைத் தண்ணீர் புகுந்தாலும் இன்னொரு ஊரில் நகல் இருக்கிறது என்பதற்கும் சேர்த்துத்தான். இம்மிச் இதைத் தராது. இம்மிச்சை ஓட்டிக்கொண்டு ஒரே 8 டிபி டிஸ்க்கை நம்புவதைவிட கூகுளில் இருப்பது பாதுகாப்பு. எனவே இரண்டாவது 8 டிபி டிஸ்க்குக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் மினி பிசியை ஒத்திப்போடுங்கள், டிஸ்க்கை ஒத்திப்போடாதீர்கள்.

நகல் எடுக்க ரெஸ்டிக் (பேக்கப் கருவி) போதும். எடுக்க வேண்டியவை: இம்மிச்சின் அப்லோட், லைப்ரரி, புரொஃபைல், பேக்கப்ஸ் கோப்புறைகள். இந்தக் கடைசிக் கோப்புறையில்தான் தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல் கோப்பு) தானாக விழும், கடைசி 14 இருக்கும். ஆல்பமும் முகப் பெயரும் அதில் மட்டும்தான் உண்டு. தம்ப்ஸ், என்கோடட் வீடியோ இரண்டையும் விட்டுவிடலாம், மறுபடி உருவாக்கிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் கோப்புறையை அப்படியே நகலெடுப்பது நகல் ஆகாது. திரும்ப ஏற்றும்போது பழுதாகி நிற்கும்.

இரண்டாவது டிஸ்க்கை அப்பா வீட்டில் வையுங்கள். அங்கேயும் டெயில்ஸ்கேல் போடப்போகிறீர்கள், சின்ன ராஸ்பெர்ரி பை ஒன்று இருந்தால் இரவில் அதுவாகவே போய்ச் சேரும். முதல் நகலை மட்டும் இங்கேயே நேரடியாக எடுத்து, டிஸ்க்கை ஊருக்கு எடுத்துப் போங்கள். 900 ஜிபியை அப்லோடில் அனுப்பினால் 100 எம்பிபிஎஸ் முழுசாகக் கிடைத்தாலே 20 மணி நேரம் ஓடும், வேகம் குறைந்தால் நாள்கணக்கில். பிறகு அந்த நகலிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் இம்மிச்சை எழுப்பி, ஆல்பம் எல்லாம் வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு கூகுளில் அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம். அங்கே இலவசம் 15 ஜிபி, அது ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான். கட்டணத்தை நிறுத்தி, அளவு வரம்புக்கு மேல் இருந்தால் மெயில் வருவதும் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கரண்ட்: மினி பிசியும் டிஸ்க்கும் சேர்த்து சராசரி 15 வாட் என்று வைத்தால் நாளைக்கு 0.36 யூனிட், இரண்டு மாத பில்லில் 22 யூனிட் அளவு. தொகை சிறியதுதான். ஆனால் உங்கள் வீடு ஏற்கெனவே 480, 490 என்று ஓடினால் கவனம். 500-ஐத் தாண்டினால் தமிழ்நாட்டில் அடுக்கே மாறி, கீழ் யூனிட்டுகளுக்கும் விலை கூடும். அந்த 22 யூனிட்டின் விலை அப்போது 22 யூனிட்டோடு நிற்காது.

வீட்டு இன்வெர்ட்டரில் "யூபிஎஸ் மோட்" இருக்கும், அதில் வையுங்கள். மற்ற மோடில் கரண்ட் மாறும் நொடியில் மினி பிசி ரீஸ்டார்ட் ஆகும். பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். டிஸ்க்கை யூயூஐடி (டிஸ்க்கின் நிலையான அடையாள எண்) கொடுத்து மவுண்ட் செய்யுங்கள், அது மவுண்ட் ஆன பிறகே டாக்கர் எழும்படி வையுங்கள். யூஎஸ்பி டிஸ்க் எழத் தாமதமானால் டாக்கர் காலிக் கோப்புறையைப் பார்த்து, எஸ்எஸ்டியிலேயே எழுத ஆரம்பித்துவிடும்.

பதில் 4: சுருதிப்பெட்டி

பாட்டும் டிவிடியும் விட்டுப்போயிற்று.

நேவிட்ரோம் எடுங்கள், ஜிபிஎல், போர்ட் 4533, ராம் மிகக் குறைவு. ஜெல்லிஃபினிலும் பாட்டு கேட்கலாம், ஆனால் நேவிட்ரோம் சப்சோனிக் ஏபிஐ (பல செயலிகளுக்குப் பொதுவான தொடர்பு முறை) பேசுவதால் போன் செயலிகள் ஏராளம். ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம் மூடிய மென்பொருள், ஒருமுறை விலை, டெம்போ திறந்தது. செயலி மூடியதாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சர்வரும் கோப்பும் உங்களிடம் இருக்கும்வரை செயலியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

நேவிட்ரோம் கோப்புறையைப் பார்த்து ஆல்பம் கட்டுவதில்லை, டேக்கைத்தான் பார்க்கும். தமிழ்ப் படப் பாட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு பாடகர். "ஆர்ட்டிஸ்ட்" டேக்கில் பாடகர் பெயர் மட்டும் இருந்து "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" காலியாக இருந்தால், ஆறு பாட்டு உள்ள ஒரு படம் ஆறு ஆல்பமாகச் சிதறும். எம்பி3டேக் மென்பொருளில் படத்தின் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். "இளையராஜா" என்று ஒரு இடத்திலும் "இசைஞானி இளையராஜா" என்று இன்னொரு இடத்திலும் இருந்தால் இரண்டு ஆள் ஆகிவிடுவார். ஆண்டும் ஒன்றாக இருக்கட்டும். டவுன்லோட் தளத்தின் பெயர் ஆல்பம் டேக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் ஒரே ரீப்ளேஸில் எடுத்துவிடலாம். பழைய எம்பி3-யில் டேக் டிஸ்கியிலோ பாமினியிலோ (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துமுறைகள்) இருந்தால் அர்த்தமில்லாத லத்தீன் எழுத்தாகத் தெரியும். என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றி ஒட்டுங்கள்.

கல்யாண டிவிடிகளை முதலில் செய்யுங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கும். கடையில் எழுதித்தரும் டிவிடி-ஆர் வருடங்கள் ஓட ஓட அழியும். டிஸ்க்கை நேராக ஹேண்ட்பிரேக்கில் (வீடியோ மாற்றும் மென்பொருள்) கொடுக்காமல், ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கைப் படிக்கும் கருவி) கொண்டு ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் முழு நகல் கோப்பு) எடுங்கள். மேப் கோப்பு பெயரையும் கட்டாயம் கொடுங்கள். முதல் சுற்றில் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு, கீறல் விழுந்த இடத்தைக் குறித்து வைக்கும். அதே மேப் கோப்போடு வேறொரு டிவிடி டிரைவில் மறுபடி ஓட்டினால் விட்டுப்போன இடங்களை மட்டும் முயலும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.

ஐஎஸ்ஓ கையில் வந்த பிறகு ஹேண்ட்பிரேக். நம்மூர் கல்யாண டிவிடி பால் முறை, 720க்கு 576, பெரும்பாலும் இன்டர்லேஸ் (ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வருவது). அப்படியே மாற்றினால் மாலை மாற்றும்போதும் கெட்டிமேளத்தில் கை அசையும்போதும் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸை பிடபிள்யூடிஃப், "பாப்" என்று வைத்து, ஃப்ரேம் ரேட் 50 கொடுங்கள். அசைவு டிவியில் பார்த்தது போலவே வழுக்கிக்கொண்டு போகும். எக்ஸ்264, ஆர்எஃப் (தர அளவு) 18. ஹெச்இவிசி வேண்டாம், இந்த அளவு வீடியோவில் மிச்சமாகும் இடம் சொற்பம், ஹெச்.264 எல்லா டிவியிலும் டிரான்ஸ்கோட் இல்லாமல் ஓடும். 1080பிக்குப் பெரிதாக்காதீர்கள், டிவியே அதைச் செய்துகொள்ளும்.

ஐஎஸ்ஓவை அழிக்க வேண்டாம். 14 டிவிடியும் 8 டிபி டிஸ்க்கில் 66 ஜிபிக்குள் அடங்கிவிடும்.